எறும்பின் ஐந்தாவது வேலை

அன்புள்ள தூரிகைக்காரிக்கு,

ஏழு வயதுக் குழந்தை ஒன்று, தனக்கு எழுதத் தெரிந்த நூற்றெண்பது சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றைச் சொல்கிறது. அது கதையா, நடந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பதினோரு வருஷமாகக் குழந்தைகளுக்குத் துப்பறியும் கதை எழுதிப் பிழைக்கிறேன். எனக்கு இதற்கு விடை தெரியவில்லை.

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முதுகுவலி குறைந்ததா? பெண் புதுப் பள்ளிக்கூடத்தில் யாரோடும் பேசுவதில்லை என்று எழுதியிருந்தாய். அதற்கு ஆறுதலாக நாலு வரி எழுதத்தான் போன வாரமே உட்கார்ந்தேன். அதற்குள் இந்த விஷயம் வந்துவிட்டது.

நீ ஊரை விட்டுப் போன பிறகு நம் துப்பறியும் எறும்புப் புத்தகங்களின் கடைசியில் ஒரு தாள் சேர்த்தோம். கிழித்தெடுத்து எழுதித் தருகிற மாதிரி. தலைப்பு, ‘நீயும் ஓர் எறும்பு’. எறும்பு ஒவ்வொரு கதையிலும் செய்கிற ஐந்து வேலைகளைக் குழந்தையும் செய்ய வேண்டும்: பார், கேள், எண்ணு, எழுது, போய்ச் சொல். வாசிப்பு வகுப்பு டீச்சர் தாள்களைச் சேர்த்து எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவருவாள். நான் ஒவ்வொரு குழந்தைக்கும் நட்சத்திரம் போட்ட அட்டையில் இரண்டு வரி பதில் எழுதி, ‘எறும்பின் தோழி’ என்று கையெழுத்திடுவேன். இதுவரை நானூறு தாளாவது பார்த்திருப்பேன். முக்கால்வாசிக் குற்றவாளிகள் தம்பிகள். ஒரு பையன் தன் அப்பா பல் தேய்ப்பதில்லை என்று சாட்சியோடு நிரூபித்திருந்தான்.

ஒன்பது நாளுக்கு முன் ஒரு தாள் வந்தது. அப்படியே எழுதுகிறேன்.

‘அம்மா ஊருக்குப் போனாள். புது அப்பா சொன்னார். அம்மா செருப்பு இங்கே இருக்கிறது. அம்மா கண்ணாடி இங்கே இருக்கிறது. மாடி அறைக்குப் பூட்டு. கிண்ணம் உள்ளே போகிறது. கிண்ணம் வெளியே வருகிறது. எறும்பு வருமா?’

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அடடா, எவ்வளவு சுருக்கம், எவ்வளவு நேர்த்தி என்று தோன்றியது. தடயங்களை வரிசையாக அடுக்கியிருந்த விதத்தைப் பக்கத்து மேசைக்காரரிடம் வாசித்துக்கூடக் காட்டினேன். “பெரிய ஆளா வருவா பாருங்க, உங்க வேலைக்கே வேட்டு வச்சிடுவா” என்றார். சிரித்தோம்.

பிறகு அட்டையை எடுத்து இப்படி எழுதினேன்: ‘சபாஷ்! மாடி அறையில் யார் என்று நீ கண்டுபிடித்துவிட்டாய். எறும்பு வராது, ஏனென்றால் நீயேதான் எறும்பு. நான்கு வேலை முடிந்தது. இனி ஐந்தாவது.’

அந்த ஐந்தாவது வேலைக்காக இருபத்து நான்காம் பக்கத்தில் நீ வரைந்த படம் நினைவிருக்கிறதா? எறும்பு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, திருடியவன் முன்னால் தனியாகப் போய் நின்று, “நீதான்!” என்று விரல் நீட்டும். அவன் தலை குனிந்து மன்னிப்புக் கேட்பான். முப்பத்திரண்டு பக்கத்துக்குள் கதை முடிய வேண்டும், போலீசும் பெரியவர்களும் வந்தால் புதுச் சொற்கள் வேண்டும் என்று நான்தான் அந்த முடிவை வைத்தேன். எட்டுப் புத்தகத்திலும் அதே முடிவு. நம் புத்தகங்களுக்கான நூற்றெண்பது சொற்களின் பட்டியலிலிருந்து ‘உதவி’ என்ற சொல்லையும் நான்தான் எடுத்தேன். குழந்தை தானே எல்லாம் செய்ய வேண்டும் என்று அப்போது ஒரு பெரிய கொள்கை பேசினேன். ஆகவே உதவி வேண்டும் என்று எழுத நினைக்கிற குழந்தை எறும்பு வருமா என்றுதான் எழுத முடியும். இது எனக்கு இன்று காலைதான் உறைத்தது.

இன்று திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் விடுமுறை. டீச்சர் வெள்ளிக்கிழமை வாங்கிய தாள்களோடு வந்தாள். அதே கையெழுத்தில் இரண்டாவது தாள்: ‘கிண்ணம் உள்ளே போகிறது. கிண்ணம் அப்படியே வெளியே வருகிறது. இரண்டு நாள். கதவின் கீழே துணி.’ அவ்வளவுதான்.

அந்தத் துணியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. நம் எட்டுப் புத்தகத்தில் எங்கேயும் கதவின் கீழே துணி வைத்து அடைக்கிற ஆள் கிடையாது. குழந்தைகள் நம்மிடமிருந்துதான் எடுத்துக்கொள்வார்கள். இதை யாரிடமிருந்து எடுத்தாள்?

டீச்சரிடம் அந்தப் புது அப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். “தங்கமான மனுஷன் மேடம். தினமும் அவரேதான் கொண்டுவந்து விடுறாரு, பையைக்கூட அவரே தூக்கிட்டு வருவாரு” என்றாள். அம்மாவைக் கடைசியாக எப்போது பார்த்தாய் என்றதற்கு விரல் விட்டு எண்ணினாள். பாதியில் நிறுத்திவிட்டாள். பிறகு, “அவ ஒரு நாள் கேட்டா மேடம், உள்ளேயிருந்து கதவைத் தட்டினா எறும்பு என்ன செய்யும்னு. அடுத்த புக்ல வரும்டா கண்ணுன்னு சொல்லிட்டேன்” என்றாள்.

என் அட்டை குழந்தையிடம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை நான் எழுதியே ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை பள்ளி விடும் நேரம். பை புது அப்பாவின் தோளில் இருந்தது. “உங்க பொண்ணுக்குப் பரிசு வந்திருக்கு சார்” என்று அட்டையை அவர் கையிலேயே கொடுத்திருக்கிறாள். உறையில்லாத அட்டை. அவர் நின்று நிதானமாகப் படித்தாராம். சிரித்தாராம். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “யாருங்க இந்த எறும்பின் தோழி?” என்று கேட்டாராம். நல்லவேளையாக டீச்சருக்கு மணி அடிக்கிற அவசரம், பதில் சொல்லவில்லை.

உடனே காவல் நிலையம் போனோம். இரண்டு தாளையும் மேசையில் வைத்தேன். அங்கே இருந்தவர் படித்துவிட்டு, “மேடம், நீங்க கதைப் புஸ்தகம் எழுதுறவங்கதானே?” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். முகவரி இல்லாமல் எந்தக் கதவைத் தட்டுவது என்றார். முகவரி பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது, பதிவேடு பூட்டிய அறையில், சாவி தலைமையாசிரியையிடம், அந்தம்மா வெளியூரில். நாளை காலை பள்ளி திறந்ததும் பெண் காவலர் ஒருவரை அனுப்புவதாகச் சொன்னார். பள்ளிக்குப் பின்னால் எங்கோ வீடு என்று மட்டும் டீச்சருக்குத் தெரியும். அந்த இரண்டு தெருவிலும் வெயிலோடு வெயிலாக நடந்தோம். எல்லா வீட்டுக்கும் மாடி இருக்கிறது. எல்லா மாடியிலும் ஒரு சன்னல் சாத்தியிருக்கிறது. பேர் சொல்லிக் கூப்பிடலாமா என்று டீச்சர் கேட்டாள். கூப்பிட்டால் யார் காதில் விழும் என்று யோசித்து, வேண்டாம் என்றேன். அது சரியா என்றும் தெரியவில்லை.

நான் எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். இன்றைக்கும் என் பாதி மனது, நாளை அந்த அம்மா ஊரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கி என்னைப் பார்த்துச் சிரிப்பாள் என்கிறது. அப்படி நடந்தால் அசடாக நிற்க நான் தயார்.

ஒரு வேலை செய்து கொடு. இருபத்து நான்காம் பக்கத்தை மறுபடி வரை. எறும்பின் பக்கத்தில் ஒரு பெரிய ஆளை நிறுத்து. யாராக இருந்தாலும் சரி. அதற்கான சொல்லை நான் தேடிக்கொள்கிறேன். முதுகுவலி இருந்தாலும் வரை.

உன் பெண் இன்று ஏதாவது சொல்ல வந்தால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேள். நன்றாக எழுதியிருக்கிறாய், அழகாகச் சொன்னாய் என்றெல்லாம் சொல்லாதே. என்ன சொல்கிறாள் என்று மட்டும் கேள். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

உன்
பட்டியல்காரி

செவ்வாய், மாலை நான்கு மணி.

உறையை ஒட்டவில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஒன்பது மணிக்குப் பள்ளி திறந்தது. குழந்தை வரவில்லை. முகவரியை எடுத்துக்கொண்டு நானும் டீச்சரும் பெண் காவலரும் இன்னும் இரண்டு காவலர்களும் போனோம். நேற்று நாங்கள் நடந்த தெருதான், தச்சுப் பட்டறைக்கு எதிர் வீடு. வாசல் கதவு திறந்து கிடந்தது. புது அப்பா இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியமே பெட்டியோடு போனதைப் பட்டறைக்காரர் பார்த்திருக்கிறார். மாடி அறைக்கு வெளியே பூட்டு, கதவின் கீழே பச்சைத் துணி. பட்டறையிலிருந்து கடப்பாரை வாங்கி உடைத்தார்கள்.

இரண்டு பேரும் உள்ளே இருந்தார்கள். அம்மாவுக்கு மூச்சு இருக்கிறது, நினைவில்லை. இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். குழந்தைக்கு உதடு வெடித்திருக்கிறது, வேறு காயம் இல்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று அந்த அம்மா சொன்னதிலிருந்து இது நடந்திருக்கிறது. அந்த ஆளைப் போலீசார் இன்னும் பிடிக்கவில்லை.

காவலர் கேட்டதற்குக் குழந்தை தெளிவாகப் பதில் சொன்னாள். புது அப்பா என் அட்டையை அவளிடம் வாசித்துக் காட்டியிருக்கிறார். “எறும்போட தோழி யாருன்னு கேட்டாரு. தெரியாதுன்னேன். நிறைய தடவை கேட்டாரு. அப்புறம் என்னையும் உள்ளே விட்டுப் பூட்டிட்டாரு” என்றாள்.

ஆம்புலன்ஸில் அம்மாவோடு டீச்சர் ஏறிக்கொண்டாள். குழந்தை ஜீப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். கொஞ்ச தூரம் போனதும், “எறும்போட தோழியை உங்களுக்குத் தெரியுமா ஆன்ட்டி?” என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.