நீ வருவாய் என்று விட்ட இடம்

பிள்ளைக்குக் கூழ் காய்ச்ச ரவையை நனைத்தேன். தண்ணீர் குறைந்துவிட்டது, விரலில் பசையாக ஒட்டிக்கொண்டது. அந்த ஈர மணம் எழுந்ததும் அடுப்பை அணைத்துவிட்டேன். கச்சேரிக்கு முன் மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் நீ அப்பும் ரவையின் மணம். உன் அம்மா அதற்கென்றே தினமும் திட்டுவார்கள்: "உப்புமாவுக்கு வாங்குன ரவையில பாதி இவ மத்தளத்துக்காக்கும்." நீ முகம் மாறாமல் மீதிப் பாதியையும் கேட்பாய்.

நெய்யாற்றின்கரையில் சேர்ந்து படித்த நாளிலிருந்து எந்தக் கோடை இசை விழாவையும் நாம் விட்டதில்லை. பூவாறு கரையில், கப்பல்கள் வந்த காலத்துப் பண்டகசாலையின் கூரையில்லாத முற்றம். பெரிய வித்வான்கள் மாலையில்தான் ஏறுவார்கள். அதற்கு முன், வெயில் சாயாத வேளையை நமக்குத் தருவார்கள். உப்புக் காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். பாட்டுக்குப் பாட்டு கல்லால் விளிம்பைத் தட்டி ஏற்றுவாய். எனக்கோ எல்லாம் மறந்துவிடும் என்ற பயம். ஒருமுறை, இறங்கிப் போய்விடலாமா என்று கேட்டேன்.

"பயந்தா பயந்துட்டே பாடு. நான் கூட உண்டுல்லா மக்கா."

பிறகு தனி ஆவர்த்தனம் வரும். நான் பாட்டை நிறுத்திவிட்டுத் தாளம் மட்டும் போட, முற்றம் முழுக்க உன் கை பேசும். எனக்கு அந்தத் தாளக் கணக்கு தெரியாது. முடிவில் ஒரே அடியை மூன்று தரம் வாசித்து என்னைப் பார்ப்பாய். அந்தப் பார்வையில்தான் நான் திரும்பப் பாட்டில் ஏறுவேன்.

எனக்குப் பிள்ளை பிறந்த வருஷமே உன் இரத்தத்தில் நோய் வந்தது. அவன் தும்மினாலும் மூச்சை எண்ணிக்கொண்டிருந்த நான், உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வருவதற்குக்கூட அவனுக்குத் தொற்று வருமோ என்று பயந்தேன். நீயோ ஊசி குத்திய கையால் போர்வையில் தாளம் தட்டிக்கொண்டு என்னைச் சிரிக்க வைத்தாய். கிளம்பும்போது சொன்னாய்: "தனி ஆவர்த்தனத்த மட்டும் விட்டுராத. விழாவுக்கு நான் வாறேன்." வாசலில் கட்டிய கிறிஸ்மஸ் நட்சத்திரத்தை அவிழ்க்கும் முன்பே உன்னைச் சபை மயானத்துக்குக் கொண்டுபோனார்கள்.

இந்த மே மாதம் விழாக்காரர் கூப்பிட்டபோது, நல்ல மிருதங்கக்காரர் உண்டு, ஏற்பாடு செய்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். மிருதங்கம் இல்லாமல் என்ன கச்சேரி என்று அவரும் கேட்டார், என் வீட்டுக்காரரும் கேட்டார். வருகிறேன் என்று நீ சொல்லியிருந்தாய். உன் இடத்தில் இன்னொருவரை எப்படி உட்கார வைப்பேன்?

வயலின் மட்டும் வைத்துக்கொண்டு பாடினேன். உன் தனி ஆவர்த்தனம் தொடங்கும் அந்த வரி வந்தது. நிறுத்தினேன். தொடையில் கை தாளம் போட்டது. வயலின்காரி வில்லை இறக்கிவிட்டு என்னையே பார்த்தாள். பாட்டு மறந்துவிட்டது என்று நினைத்து முன்வரிசையில் ஒருவர் அடுத்த வரியை மெல்ல எடுத்துக் கொடுத்தார். மறக்கவில்லை. எங்கே ஏறுவது என்றுதான் தெரியவில்லை. மூன்று தரம் வாசித்து என்னைப் பார்க்க யாருமில்லை. கொஞ்ச நேரத்தில் வயலின்காரி இரக்கப்பட்டு அந்த வரியைத் தானே வாசித்து முடித்தாள். நான் வாயைத் திறக்காமலே கும்பிட்டு இறங்கினேன்.

சுவரோரம் உன் அம்மா, வீட்டுக்காரரிடம் இருந்த என் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் வந்திருந்ததே எனக்குத் தெரியாது. பிள்ளையை என் கையில் தந்துகொண்டே கேட்டார்கள்:

"அவ இருந்தா எம்புட்டு நேரம் கொட்டுவா?"

வெயில் தாழும்வரை கொட்டுவாள், அம்மா என்றேன்.

"பின்னே நீ தாளத்த சட்டுன்னு நிறுத்திட்டியே மக்கா."

இப்போதெல்லாம் மத்தியானம் பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டுகிறேன். அவன் தூங்கிய பிறகும் கை நிற்பதில்லை. அந்த வரியை வீட்டில்கூட நான் இன்னும் பாடவில்லை. நீ முடிக்காமல் நான் எப்படி ஏறுவேன்?