காலுக்குக் காக்கி

அக்கா,

இன்று விடியற்காலை மருமகனின் பழைய காக்கிக் கால்சட்டையைக் கிழித்தேன். ரயில் பட்டறை எண்ணெய் வாடை குப்பென்று வந்தது. உன் நினைப்பும் கூடவே வந்தது. நீ போய்ச் சேர்ந்து இன்று முப்பதாம் நாள்.

பத்துமலையில் குகைக்குக் குகை ஏறி, காய்கறித் தோட்டத்துக்கு வௌவால் எரு அள்ளிய காலத்தில்தான் என் வலது கால் பெருவிரல் முட்டு கொட்டைப்பாக்காய்ப் புடைத்தது. விரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்தது. பாறையில் ஊன்றினால் உச்சிவரை நெருப்பு.

"காலு போன பொம்பளைக்கு மலையில என்னா வேல? கீழ உக்காந்து சாக்கு தையி," என்றார் மேஸ்திரி. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

நீதான் பக்கத்துக் கம்பத்துக்கு, அந்த மலாய்க் கிராமத்துக் கிழவியிடம், இழுத்துப் போனாய். அவள் விரலை அமுக்கிப் பார்த்து, "ஈக்காட் காக்கி" என்றாள்.

"காக்கித் துணியால கட்டணுமாம்டி," என்றாய்.

அன்றைக்கே உன் வீட்டுக்காரர் கால்சட்டை போச்சு. இரண்டு விரலுக்கும் நடுவே துணியைத் திணித்து, பாதத்தைச் சுற்றி இறுக்கினாய். விரல் நிமிர்ந்து நின்றது.

"வலிக்குதா?"

"வலிக்குதுக்கா."

"விரலு சொன்னபடி கேக்குதா?"

"கேக்குது."

"அப்ப ஏறு. வீங்குன அன்னிக்கு மட்டும் ஏறாத."

மேஸ்திரி பார்த்திருக்க ஏறினேன்.

பிறகு ஒருநாள் என் கட்டைப் பார்த்த கிழவி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். காக்கி என்றால் அவர்கள் பேச்சில் கால். காலைக் கட்டு என்றுதான் சொல்லியிருக்கிறாள்! நீ அசரவே இல்லை. "எங்க காலுக்கு காக்கிதான் கேக்கும்லா, போ," என்றாய்.

இப்போது பெரிய குகைக்குப் படி கட்டிவிட்டார்கள். நாம் மூச்சு வாங்க உட்காரும் பாறைக்கு ஏது படி? அங்கே உனக்கு வெற்றிலை வைக்க வேண்டுமென்று புறப்பட்டால் மகள் வழிமறிக்கிறாள்.

"ஏம்மா, பேரன் பேத்தி எடுத்தாச்சு. கீழயே வச்சிட்டு வாயேன்."

"உங்க பெரியம்மா கீழயா உக்காந்தா?" என்றேன்.

உப்பு வெந்நீரில் காலை ஊறவைத்தேன். வீக்கமில்லை. மூன்று சுற்றுக் கட்டினேன், நீ கட்டுகிற மாதிரியே. பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறிப் போனேன். முன்பு வெற்றிலை மெல்லும் நேரத்தில் ஏறிய பாறை. இன்று வெயில் ஏறிவிட்டது. ஒவ்வொரு பிடியிலும் நின்று விரலைக் கேட்டுக் கேட்டு ஏறினேன்.

ஐந்தாவது படித்த என் எழுத்தில் இதை நம் பாறைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். வெற்றிலை உன் பக்கம் இருக்கிறது. இறங்குவதற்கு இன்னொரு காக்கித் துண்டு மடியில் இருக்கிறது.

வலிக்குதுக்கா. ஆனால் கேக்குது.