பெரியப்பா எழுந்து நின்ற புதன்கிழமை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் மாத்திரை மருந்து சகிதம் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் மாத்திரை இல்லாமலே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் தேவலை, மாடியேறித் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கும் பழக்கத்தை மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

போனில் பாதியில் நின்ற சங்கதியை முழுசாக எழுதச் சொன்னாயே, எழுதுகிறேன். நம் சபைப் போதகருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனதால் அதிகம் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புதன்கிழமை வேத வகுப்பை நடத்த என்னைக் கேட்டார், ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு வகுப்பெடுத்தவள்தானே என்று நானும் தலையாட்டிவிட்டேன். இரண்டாவது வாரமே உன் பெரியப்பா எழுந்து நின்றார். "பொம்பளை ஆம்பளைங்க மேல அதிகாரம் செலுத்தக் கூடாதுன்னு பைபிள்ல அப்போஸ்தலர் பவுலே எழுதியிருக்காரு. தம்பி பொண்டாட்டிங்கறதுக்காக நான் வேதத்தை மாத்த முடியாது" என்றார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பக்கத்தில் உன் அப்பா தொண்டையைக் கனைத்ததோடு சரி, அண்ணனுக்கு எதிரே அவர் வாய் திறந்து நீ எப்போது பார்த்திருக்கிறாய்?

போதகர்தான் பலகைக்குப் போய், பவுல் அந்த இடத்தில் எழுதிய கிரேக்கச் சொல்லை 'அவ்தென்தெயின்' என்று நம் எழுத்தில் எழுதினார். "புதிய ஏற்பாட்டுல இந்தச் சொல் இங்க மட்டும்தான் வருது. அதிகாரத்துக்கு வழக்கமா வர்ற சொல் வேற. இதுக்கும் அதிகாரம் செலுத்துறதுதான் அர்த்தம்னு சில அறிஞருங்க சொல்றாங்க. இல்ல, அடக்கி ஆளுறது, அடுத்தவன் தலைமேல ஏறி உக்கார்றதுன்னு வேற சிலர் சொல்றாங்க. இதுதான் சரின்னு என்னால சத்தியம் பண்ண முடியாது" என்று காற்றுக் குரலில் சொன்னார். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையில் இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தார். "அப்ப இவ எதைச் செய்றான்னு நானே உக்காந்து பாக்குறேன்" என்றார்.

பார்க்கவும் செய்தார். வாராவாரம் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். யாரையாவது திருத்த வேண்டியிருந்தால் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் திருத்துவேன். பிறகு காது சரியாகக் கேட்கவில்லை என்று முன் வரிசைக்கு வந்தார்.

நடுவில் உன் சித்திக்குக் கண் ஆபரேஷன் என்று நான் போயிருந்த வாரம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்து வகுப்பெடுத்திருக்கிறார். பிந்தி வந்தவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. சந்தேகம் கேட்ட தையற்காரம்மாவை "நான் முடிக்கிற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது" என்றாராம். பெரியப்பாவை வாசிக்கச் சொல்லி, கண்ணாடி இல்லாமல் அவர் தடுமாறியதும் சின்னப் பையனைப்போல் உட்கார வைத்துவிட்டார். வகுப்பு முடிந்ததும் பெரியப்பா போதகரிடம் போய், "நீங்க சொன்ன ரெண்டாவது அர்த்தம் இன்னைக்குத்தான் எனக்கு விளங்குச்சு" என்றாராம்.

நான் ஊருக்குத் திரும்பியதும் வீட்டுக்கு வந்தார். டீயை ஆற்றிக்கொண்டே, "வசனத்தைப் பத்தி என் மனசு இன்னும் முழுசா மாறல. ஆனா நீ யாரையும் அடக்கலைங்கறதுக்கு நான் சாட்சி. நீயே நடத்தும்மா" என்றார். எனக்காக ஒப்புக்குத் தலையாட்டாமல் உள்ளதைச் சொன்னாரே, அதில்தான் எனக்கு மனசு நிறைந்தது.

நீ இப்போது ஒரு லேபுக்கே பொறுப்பாகிவிட்டாய். உன் கீழே இருப்பவர்கள் கேள்வி கேட்டால் கடைசி வரை கேள், பதில் அப்புறம் சொல்லலாம்.

போன வாரம் வகுப்பில் முதல்முறையாக உன் அப்பா கையைத் தூக்கினார். அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, அவர் சொன்ன விளக்கம் தப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். உண்மையில் பெரியப்பா சொன்னதுதான் சரி. அதை நான் சொல்ல வேண்டியதாகிவிட்டது. வீடு வரும்வரை அண்ணனும் தம்பியும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா