டேங்க்கைத் தோண்டி எடுத்துவிட்டோம், அப்பா

பிரியமுள்ள அப்பா,

இப்படி எழுதிவிட்டு ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். பிரியம் இல்லாமல் இல்லை. அதுதான் கஷ்டம்.

கொல்லையில் நீங்கள் புதைத்த டீசல் டேங்க்கைப் போன வாரம் தோண்டி எடுத்தோம். டிராக்டருக்கு அடிக்கடி சிதம்பரம் போய் வரிசையில் நிற்க முடியாது என்று பழைய டேங்கர் லாரியிலிருந்து கழற்றி வாங்கிவந்தீர்களே, அதேதான். கீரப்பாளையத்தில் வீட்டுக்குள்ளேயே பங்க் வைத்திருக்கிற ஆள் என்று ஊரே உங்களைக் கேலி செய்தது. உங்களுக்கு அதில் பெருமை.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் நீங்கள் இருக்கும்போதே வந்து சொன்னார்கள், அவர்கள் வீட்டு அடிபம்புத் தண்ணீரில் வாடை வருகிறதென்று. மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தொட்ட கையோடு குடத்தைத் தொட்டால் வாடை வராமல் என்ன செய்யும் என்று சிரித்து அனுப்பிவிட்டீர்கள். நீங்கள் போன பிறகு தானே புயல் வந்து பல நாள் கரண்டு இல்லை. மோட்டார் ஓடாததால் தெருவே அந்த அடிபம்புக்கு வந்தது, வந்தவர்களெல்லாம் மூக்கைப் பிடித்தார்கள். இத்தனை பேருக்கும் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

சிதம்பரத்திலிருந்து ஒரு வெல்டரை வரவழைத்தேன். மிச்சம் கிடந்ததை உறிஞ்சி எடுத்து, மூடியை இரண்டு நாள் திறந்து போட்டு, தெருவில் ஒருவரையும் பீடி பற்றவைக்க விடாமல் காவல் காத்து, கடைசியில் ஜேசிபி வைத்துத் தூக்கினோம். அடியில் மண் கருப்பாக, பிசுபிசுவென்று இருந்தது. அந்த வாடையில் அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

டேங்க்கில் ஒரே ஒரு ஓட்டைதான் அப்பா. கட்டைவிரல் நுழைகிற அளவு. டீசல் ஊற்றும் குழாய்க்கு நேர் கீழே.

வெல்டர் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “துருப்புடிச்சி ஓட்ட ஆவலம்மா. மத்த எடமெல்லாம் கெட்டியா இருக்குது. இரும்புக் கம்பிய உட்டு உட்டு அளவு பாத்திருக்காங்க. கம்பி விழுந்து விழுந்து அந்த எடம் மட்டும் தேஞ்சிப் போயிருக்குது.”

தினமும் காலையில் நீங்கள் அந்தக் கம்பியைக் குழாய்க்குள் போடுவீர்கள். டங் என்று சத்தம் கேட்கும். டீசல் நனைந்த இடம் வரைக்கும் அளந்து சொல்வீர்கள், நான் ஷெட் கதவில் சாக்பீஸால் கோடு போடுவேன். எதற்கு இவ்வளவு காவல்? டிராக்டரை ஓட்டியது தனபால் மாமா. அம்மாவின் கூடப்பிறந்த ஒரே தம்பி, நம் வீட்டிலேயே சாப்பிட்டு நம் வீட்டுக்கே உழைத்தவர். அவர்மேல்தான் உங்களுக்குச் சந்தேகம்.

“இரும்பு வேணாம் மச்சான், மூங்கில் குச்சி வெச்சிப் பாருங்க, தகடு தாங்காது” என்று மாமா ஒருநாள் சொன்னார். அளவை மாற்றத்தான் குச்சியை மாற்றச் சொல்கிறான் என்று நீங்கள் நினைத்தீர்கள். மறுநாளிலிருந்து காலை ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை என்று குத்தினீர்கள்.

நான் பிளஸ் ஒன் படித்த வருஷம், அறுப்புக்கு ஆட்கள் வந்து நிற்கும்போது, நடுத்தெருவில் கேட்டீர்கள்: “எங்க ஊட்டு சோத்தத் தின்னுட்டு எங்க டீசலயே விக்கிறியாடா?” மாமா டிராக்டர் சாவியைத் தரையில் வைத்துவிட்டு நடந்தார். டீசல் திருடுகிற டிரைவர் என்று பெயர் வாங்கியவனுக்கு இந்தப் பக்கத்தில் யார் வண்டி கொடுப்பார்கள்? ஸ்டியரிங் பிடித்த கை, பெண்ணாடம் பக்கம் போய்க் கரும்பு வெட்டியது.

இதுவரைக்கும் தப்பு என்றே வைத்துக்கொள்வோம். மனுஷன் தப்புக் கணக்குப் போடுவதுதான். ஆனால் மாமா போன பிறகும் டீசல் குறைந்ததே அப்பா? நான்தானே கோடு போட்டேன்? “இன்னும் குறையுதுப்பா” என்று சொன்னேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல், “வெயிலுக்கு ஆவியாப் போவுது” என்றீர்கள். அது மார்கழி மாதம். அடுத்த வாரமே குழாய் வாயைச் சிமெண்ட் வைத்துப் பூசினீர்கள். ஷெட் கதவுக்குப் புது பெயிண்ட் அடித்தீர்கள். அப்புறம் கேனில்தான் டீசல் வந்தது.

தெரிந்துதான் பூசினீர்கள். மாமாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பீர்கள்?

என் கல்யாணத்தில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஒன்றுவிட்ட மாமனை நிறுத்தினீர்கள். அம்மா அன்று முழுக்கச் சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் நீங்கள் செத்தபோது மாமா வந்தார். அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட அவரைவிட்டால் யார் இருக்கிறார்கள்? புடவையைக் கொடுத்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் திரும்பிப் போனார்.

நேற்று அந்த ஓட்டைத் தகட்டை வெட்டி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு சேத்தியாத்தோப்புக்கு பஸ் ஏறினேன். மாமா இப்போது அங்கேதான் இருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. தகட்டை வாங்கி, ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன், “அப்பா உங்களிடம் சொல்லாமலே போய்விட்டார் மாமா” என்று அழுதேன்.

மாமா தகட்டைத் திருப்பிக் கொடுத்தார். “உங்கப்பா கெடக்கறாரு பாப்பா. நீ கோடு போட்டுக்குனுதான இருந்த? நான் போனப்பறம் கோடு கீழ எறங்கனது ஒனக்குத் தெரியாதா?”

உங்களைத் திட்டுவதற்கென்று கொண்டுபோன அத்தனை வார்த்தைகளும் என்னைப் பார்த்துத் திரும்பி நின்றன. எட்டு வருஷமாக எனக்கும் தெரியும் அப்பா. உங்களுக்குப் பிடித்த பெண்ணாக இருக்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கருப்பு மண் இன்னும் தார்ப்பாயில்தான் குவிந்து கிடக்கிறது. எங்கே கொட்டுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. டீச்சர் வீட்டுத் தண்ணீர் இன்னும் நாறுகிறது, எத்தனை வருஷம் ஆகுமோ. நம் மோட்டாரிலிருந்து அவர்களுக்கு பைப் இழுத்துக் கொடுக்கலாம் என்றால் நம் தண்ணீரும் இப்போது வாடை அடிக்கிறது.

வருகிற ஐப்பசியில் உங்கள் தெவசம். பங்காளிகள், தெருக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். மாமா வரமாட்டார், நானும் கூப்பிடவில்லை. இலை போடுவதற்கு முன்னால், நீங்கள் அன்றைக்கு நின்ற அதே நடுத்தெருவில் நின்று, தகட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்வேன். தனபால் திருடவில்லை என்று சொல்வேன். அது உங்களுக்குத் தெரியும் என்று சொல்வேன். எனக்கும் தெரியும் என்பதையும் சேர்த்தே சொல்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
கதவில் கோடு போட்ட உங்கள் மகள்,
தனபாலின் அக்கா மகள்.