நட்டு முடித்த வயல்

பங்குனி 8, ஞாயிறு

அன்புள்ள வானதிக்கு,

மாறன் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி விடுங்க" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது அல்லவா, அதனால்தான் இது. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. சிவப்பு மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. நம் மகள் பூமிகா சீம்பாலை ஒரு கை பார்த்துவிட்டாள்.

சென்னையில் உன் படத்தைப் பார்த்துவிட்டு அந்த விமர்சகர் யூடியூபில் பேசியதை மூன்று முறை பார்த்தேன். வசனத்துக்குப் பின்னால் மோட்டார் இரைச்சல் என்கிறார். உண்மைதான். மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தில் பக்கத்து வயல்காரரிடம் மோட்டாரை நிறுத்தச் சொல்ல நாம் யார்? ஒலி ஏறி இறங்குகிறது என்கிறார். அதுவும் உண்மை. துறட்டிக்கோலில் மைக்கைக் கட்டித் தலைக்கு மேல் பிடித்து நின்றவன் நான். கை நடுங்கியது என் குற்றம். பூமிகா என் போனிலிருந்து அவருக்கு நாக்கை நீட்டும் பொம்மை பத்து அனுப்பியிருக்கிறாள். நான் அழிக்கவில்லை.

ஆனால் நடவுக் காட்சியைப் பற்றிச் சொன்னதுதான் பொறுக்கவில்லை. பாதி நட்ட வயல் அடுத்த ஷாட்டில் முழுசாக நட்டிருக்கிறதாம். இதற்குப் பணம் தேவையில்லை, கவனம் இருந்தால் போதும் என்று சொல்லிச் சிரிக்கிறார். நீயும் அதன் கீழே "தவறு என்னுடையது" என்று எழுதிவிட்டாய். இப்போது சனிக்கிழமை தஞ்சாவூரில் திரையிடுவதற்குள் அந்தக் காட்சியையே வெட்டப் போவதாகச் சொல்கிறாய். வெட்டும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்.

மீரா உசேன் கல்யாண வீடுகளுக்கு எடுத்துப்போகும் கேமராவை நமக்கு ஒரே ஒரு நாள் கொடுத்திருந்தார். பாதி வயலில் பேட்டரி தீர்ந்தது. ஊரில் கரண்ட் இல்லை. சார்ஜ் போட நீ குடவாசலுக்கு வண்டியை எடுத்தாய். "நான் வர்ற வரைக்கும் யாரும் ஒரு நாத்துகூட நடக்கூடாது, பாத்துக்கங்க" என்று என்னைக் காவல் வைத்துவிட்டுப் போனாய். திரும்பி வந்தபோது ஒரு மா அளவுள்ள அந்த வயல் முழுவதும் நட்டு முடிந்திருந்தது. பெண்கள் என் பேச்சைக் கேட்கவில்லை என்று சொன்னேன்.

அது பொய், வானதி. அவர்கள் ஒரு மணி நேரம் சேற்றிலேயே நின்றார்கள். நடவு ஆட்களைக் கூட்டிவரும் பூவம்மாள் அக்காதான் கடைசியில், "இன்னிக்கிப் பறிச்ச நாத்த இன்னிக்கே நட்டாதான் தம்பி ஆச்சு. நாளைக்கி வேற வயலு இருக்கு. பாதியில விட்டுட்டு எப்புடிக் கரையேறுறது?" என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வரப்பில் கிடந்த நாற்றுமுடிக் கட்டுகளை எடுத்து வயலுக்குள் வீசிக் கொடுத்தவனே நான்தான். உனக்குப் பயந்து பழியை அவர்கள் மேல் போட்டேன். அக்கா இன்றுவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நீ வரப்பில் நின்று பேட்டரியைக் கேமராவில் மாட்டினாய். பிறகு, "சரி, நட்டு முடிச்சுக் கரையேறுறத எடுத்துக்கலாம்" என்று கேமராவைத் தூக்கினாய். வாய்க்காலில் அவர்கள் கால் கழுவுவதையும், அக்கா திரும்பி வயலை ஒருமுறை பார்ப்பதையும் எடுத்தாய். அந்தப் பார்வையை எந்தப் பெரிய கம்பெனியாலும் சொல்லிக்கொடுத்து வாங்க முடியாது. இருந்த வெளிச்சத்தில், கெட்டுப்போன வேலையிலிருந்து அதை எடுத்தவள் என் மனைவி என்று நினைத்தால் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாசியில் சமுதாயக் கூடத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போட்டோமே, நினைவிருக்கிறதா? முழு வயலும் தெரிந்த நொடியில் பெண்கள் கைதட்டினார்கள். மீதிப் பாதி எப்போது நட்டது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

சனிக்கிழமைக்கு வேன் பேசியாகிவிட்டது. நட்ட பெண்கள் ஒன்பது பேரும் வருகிறார்கள். அக்கா, தன் மகள் வாங்கிக் கொடுத்த புடவையைக் கட்டாமல் அதற்கென்று எடுத்து வைத்திருக்கிறார். அந்தக் காட்சி போனால் அவர்கள் படத்திலேயே இல்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

இந்தக் கடிதத்தோடு பஸ் பார்சலில் ஐந்து கிலோ அரிசி வருகிறது. தையில் அறுத்தது, அதே வயல். ஒரு வேளை பொங்கிச் சாப்பிடு. சாப்பிட்ட பிறகும் வெட்டத்தான் வேண்டும் என்று தோன்றினால் வெட்டு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். என்னைத் திட்டுவதைத் தஞ்சாவூரில் வைத்துக்கொள். அக்கா முன்னாலேயே வாங்கிக்கொள்கிறேன், என் பழியைச் சுமந்த அவரும் அதைக் கேட்கட்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் வயல் முழுசாக இருக்கட்டும்.

உன்
தமிழ்மாறன்