பக்கத்தில் பாதியை அடைத்த வரி

ஆகஸ்ட் 7, வியாழன்

அச்சு வடிவமைப்பு வகுப்புக்கு முதல் பயிற்சியாக, நான் கொடுத்த விதிமுறைத் தாளையே ஒரு பக்கத்தில் அமைத்து அச்சிட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். எது முக்கியமோ அது முதலில் கண்ணில் பட வேண்டும். முக்கால்வாசிப் பேர் "ஒன்பதுக்கு மேல் வந்தால் ஆப்சென்ட்" என்பதைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார்கள். எனக்கு அப்படி ஒரு பெயர். தங்க வயலின் பாலகாட்டிலிருந்து தினமும் பெங்களூருக்கு வரும் ரேவதி மட்டும் அதைப் பொடி எழுத்தில் ஓரம்கட்டிவிட்டு, என் கடைசி வரியைப் பக்கத்தில் பாதிக்குப் போட்டிருந்தாள். "புரியாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் என்னிடம் கேட்கலாம்." அதை எழுதியதே எனக்கு மறந்துபோயிருந்தது.

வகுப்பு முடிந்ததும் பிடித்துக்கொண்டேன். "இம்மாம் பெருசா போட்டியே, நீ வந்து கேட்டியா?"

"வந்தேன் மேடம். நீங்க ட்ரெயினுக்கு ஓடினு இருந்தீங்க. சரி, ட்ரெயின்ல கேக்கலாம்னு வந்து எதிர்ல உக்காந்தேன். தூங்கினு இருந்தீங்க. எழுப்ப மனசு வரல."

ஒரே ரயிலில்தான் தங்க வயலுக்குத் திரும்புகிறோம். நான் அவளைப் பார்த்ததே இல்லை. வாயைத் திறந்துகொண்டு தூங்கினேனோ என்னவோ.

இன்று சாயங்காலம் அவளுக்கு என் பக்கத்தில் இடம் பிடித்து வைத்தேன். தூங்கிவிடக் கூடாது என்று இரண்டு டீ குடித்தேன். "மேடம், வரிக்கு வரி எவ்ளோ இடம் விடணும்னு..." என்று நோட்டைத் திறந்தாள். பைக்குள் நான் பேனாவைத் தேடி எடுப்பதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

பங்காரப்பேட்டை தாண்டி, இறங்கும் இடம் நெருங்கியும் எழுப்ப மனசு வரவில்லை.