சாக்கடைக்குப் போன தண்ணீர்

அக்கா, இன்று காலை எதிர்வீட்டில் கார் கழுவினார்கள். வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் தண்ணீர் பாய்ந்ததும் எழுந்த வாடை என் சமையலறை வரைக்கும் வந்தது. உலையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். துக்கத்தால் அல்ல, நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் ஆறாத கோபத்தால்.

பனியன் கம்பெனிகள் நிறைந்த நம் ஊரின் ராயபுரத்தில் நாம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தபோது வந்த கோடை அது. தெருக்குழாய் வறண்டு, குடத்தோடு அலைந்தோம். நீங்கள் பனியன் மடிக்கும் வேலை பார்த்த கம்பெனியின் முதலாளி வீடு தெருக்கோடியில். அவர் கிணற்றில் மோட்டார் ஓடும். தோட்டக்காரர் ரப்பர் குழாயைப் புல்தரையில் போட்டுவிட்டு பீடி குடிக்கப் போய்விடுவார். புல் குடித்தது போக மிச்சம் மதிலடியில் வழிந்து சாக்கடையில் விழும். நாம் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒருநாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கேட்டீர்கள்: "ஏனுங்க, சாக்கடைக்குப் போறத எங்க கொடத்துல உடக்கூடாதுங்களா?"

முதலாளி நாற்காலியை விட்டு எழவில்லை. "சாக்கடைக்குப் போனாலும் அது என்ற தண்ணி."

நீங்கள் உள்ளே போய்க் குழாயை எடுத்து, செடிகளுக்கு மேலாக இழுத்து வந்து, வாசலுக்கு வெளியே இருந்த முதல் குடத்தில் விட்டீர்கள். "வெரசா நகத்துங்க!" என்று நீங்கள் சத்தம் போட, குடங்கள் நகர்ந்தன. அவர் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தியபோது உங்கள் குடம் மட்டும்தான் காலி.

மறுநாள் உங்களுக்கு வேலை இல்லை. அது எதிர்பார்த்ததுதான். தண்ணீர் பிடித்துப் போனவர்கள் பேசியதைத்தான் பொறுக்க முடியவில்லை. "பெரிய மனுசரு ஊட்டுல போயி அவளுக்கு என்ன ராங்கி?" அந்தத் தண்ணீரில் ஆக்கிய சோற்றைத் தின்ற வாயால் சொன்னார்கள். உங்களுக்காக முதலாளியிடம் பேச வாருங்கள் என்று வீடு வீடாகக் கூப்பிட்டேன். ஒருத்தரும் வரவில்லை. தனியாகப் போனேன், கேட்டைத் திறக்கவில்லை.

நீங்கள் பல்லடத்துக்குத் தறி வேலைக்குப் போனீர்கள். பஞ்சுத் தூசியில் இருமி இருமியே முடிந்தீர்கள். இழவுக்கு அதே பெண்கள் வந்து, "தங்கமான மனுசி" என்று மாரில் அடித்துக்கொண்டார்கள். அவர்களை வெளியே பிடித்துத் தள்ளலாமா என்றிருந்தது.

"உடு, போனது போச்சு" என்கிறார் என் வீட்டுக்காரர். நீங்கள் அப்படிச் சொன்னதே இல்லை. பல்லடம் பஸ்ஸுக்கு நின்ற ஒரு காலையில், உங்களைப் பார்த்து அழுத என்னிடம், "அழுவாத கண்ணு. நாம கேட்டது தப்பில்லீன்னு மட்டும் மறந்துறாத" என்றீர்கள்.

மறக்கவில்லை, அக்கா. இப்போதெல்லாம் எங்கே போய் எதைக் கேட்டாலும் நான் தலை குனிந்து கேட்பதில்லை.